பூட்டிய வீடும் பொதுக் கூரையும்

"நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. லிப்டில் ஏறவுமில்லை, தண்ணீர் பாவிக்கவுமில்லை. எதற்காகப் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டும்?"

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பொதுக்கூட்டங்களில் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் நம்மவர்கள், படித்தவர்கள். ரொறன்ரோவில் தாம் குடியிருக்கும் தொடர்மாடிக்கு மாதந்தவறாமல் பணம் கட்டுபவர்களும் அவர்களுள் உண்டு. அங்கே கட்டத் தவறினால் நிலுவை வீட்டின்மீதே ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடல் கடந்தவுடன் நியாயம் மாறிவிடுமா?

நான் நெடுந்தீவில் பிறந்தவன். குடாநாட்டில் கிடுகாலும் பனையோலையாலும் வேலி அடைப்பார்கள். எங்கள் தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கல்வேலி எழுப்புவார்கள். சாந்தில்லாத வேலியில் அடிக்கல் ஒன்று நழுவினால் மேலிருப்பவையும் சரியும். அவ்வழியே புகும் கட்டாக்காலி மாடு, காணிக்காரர் ஊரில் இருக்கிறாரா, கனடாவில் இருக்கிறாரா என்று விசாரிப்பதில்லை. அயலவரின் பயிரையும் சேர்த்தே மேயும். ஆகவே, ஆளில்லாத காணியின் வேலியையும் யாரோ ஒருவர் தூக்கி நிறுத்தியே ஆகவேண்டும். கூட்டுடைமையின் முழுப் பாடமும் இதுதான்.

இது நமக்குப் புதிய பாடமன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1706இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, பங்குக்காணியை விற்க விரும்புபவர் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பங்காளிக்குரிய முன்வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. ஒருவரின் முடிவு மற்றவரையும் தாக்கும் என்பதை உணர்ந்த சமூகமே அவ்வாறு விதி செய்யும்.

தொடர்மாடியும் நிமிர்ந்து நிற்கும் பங்குக்காணியே. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். உள்வீடு உங்களுடையது, கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், தண்ணீர்த் தாங்கி ஆகியன எல்லோருடையவை. மேற்பார்வைக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. ஆனால் அது வந்து நம் கூரையின் ஒழுக்கை அடைக்காது. அது நம் வேலை.

பூட்டிய வீட்டின் மேலும் மழை பெய்கிறது. வெள்ளவத்தையின் உப்புக்காற்று பூட்டிய வீட்டின் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்கிறது. கட்டடம் கெட்டுப்போனால், உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒரே விகிதத்தில்தான் விலை இறங்கும்.

அமெரிக்காவின் புளோரிடாவில், சர்ப்சைட் என்ற கடற்கரை ஊரில், 2021 ஜூன் 24 அன்று பன்னிரண்டு மாடிக் கட்டடமொன்றின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் மாண்டனர். அங்கே பெரும் சேதம் இருப்பதாக 2018ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் அறிக்கை கொடுத்திருந்தார். திருத்தச் செலவு குறித்து உரிமையாளர்கள் நெடுங்காலம் வாதாடினர். இடிவுக்குத் தாமதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொங்கிறீற்று நம் வாதம் முடியும்வரை காத்திருக்காது. அதன்பின் 2022இல் அம்மாநிலம் சேமநிதியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 98 உயிர்கள் போன பிறகு!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆண்டுக்கணக்காகக் கணக்குக் காட்டாமல், கேட்டவரை எதிரியாகப் பார்க்கும் செயற்குழுக்களும் உள்ளன. பணம் கட்டாதோர் சொல்லும் காரணங்களில் நேர்மையானது இது ஒன்றுதான். ஆனால் கணக்கைக் கேட்பதற்கு வழி பணத்தை நிறுத்துவதன்று, கூட்டத்துக்கு வருவது. வரமுடியாதவர் பதிலாள் ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம். தெரிவுநாளில் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தால், இருக்கிற நான்கு பேரே ஆள்வார்கள். பிறகு அவர்களைத் தூற்ற என்ன உரிமை?

1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய நாளிலிருந்து நம்மை நாமே ஆளும் உரிமையைக் கேட்டு வருகிறோம். அக்கோரிக்கையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாற்பது வீடுகளை நாமே ஆளும் உரிமையைச் சட்டம் கையில் தந்திருக்க, தலைவர் பதவிக்கு ஆள் கிடைக்காமல் கூட்டத்தை ஒத்திவைக்கிறோமே, இதற்கு எந்த அரசைக் குற்றஞ்சாட்டுவது?

கொழும்பில் வீடு வைத்திருக்கும் அன்பர்களே, இந்த ஆண்டு மூன்று காரியம் செய்யுங்கள். நிலுவையைக் கட்டுங்கள். கணக்காய்வு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்கு உங்கள் சார்பில் ஒருவரை அனுப்புங்கள். செய்ய மனமில்லையெனில், செய்ய மனமுள்ளவருக்கு வீட்டை விற்றுவிடுங்கள்.