மானியம் எங்கே தேவைப்படுகிறது?

ரசாயன உரத்தைக் குறைக்குமாறு உழவரிடம் கூறும் அரசு, அந்த உரத்தை மலிவாக விற்பதற்கும் பெருந்தொகையைச் செலவிடுகிறது. 2024-25-ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில் உர மானியத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 1.64 லட்சம் கோடி ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு, மாநிலங்களின் பங்கையும் சேர்த்து, 2,481 கோடி ரூபாய். முன்னதில் நூறு ரூபாய் என்றால், பின்னதில் ஒன்றரை ரூபாய்.

ஆனால், தொகையின் அளவைவிட, அது எந்த வேளையில் உழவரைச் சென்றடைகிறது என்பதே முதன்மையான கேள்வி.

ரசாயனத்தைக் கைவிடும் உழவர் உடனடியாக 'அங்ககம்' என்று முத்திரையிட்டு விளைபொருளை விற்றுவிட முடியாது. தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிகளின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலம் உண்டு. மண் தன் வளத்தை மீட்கும் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் விளைச்சல் குறையும். களையெடுக்க ஆள் கூலி கூடும். விலையோ வழக்கமான சந்தை விலைதான். இழப்பு முன்னால் வருகிறது, ஆதாயம் பின்னால் வருகிறது. சிறு உழவர் தயங்குவது அறியாமையால் அன்று. இந்த இடைவெளியைத் தாங்க அவரிடம் சேமிப்பு இல்லை.

2015-இல் தொடங்கப்பட்ட 'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா' திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் உதவி தரப்படுகிறது. அதில் இடுபொருளுக்காக உழவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்வது 15,000 ரூபாய். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். எஞ்சிய தொகை பயிற்சி, சான்றளிப்பு, சந்தைப்படுத்தல் போன்றவற்றுக்கானது. இவையும் தேவையே. எனினும், முதலிரண்டு ஆண்டு விளைச்சல் இழப்பை இந்தத் தொகை ஈடுசெய்யாது.

உணவுத் தொழிலுக்கான உதவியிலும் இதே குறை உள்ளது. குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்தியத் திட்டம், திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன், கடனோடு இணைந்த மானியமாகத் தருகிறது. இயந்திரம் வாங்க இது உதவும். ஆனால், சான்று பெற்ற நெல்லும் பயறும் தொடர்ந்து கிடைக்காவிட்டால், அங்கக உணவுத் தொழிலில் அந்த இயந்திரம் ஆண்டில் பாதி நாள் ஓய்வெடுக்கும்.

மாற்றத்துக்கு உரிய காலத்தைத் தராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்டை நாடே சான்று. 2021-இல் இலங்கை ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட, சில மாதங்களிலேயே பின்வாங்கியது. 2003-இல் கொள்கையை அறிவித்த சிக்கிம், படிப்படியாக நகர்ந்து 2016-இல்தான் முழு அங்கக மாநிலமானது. அங்கு உரப் பயன்பாடு முன்பே குறைவு என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, மூன்று மாற்றங்கள் தேவை. முதலாவதாக, இடுபொருள் மானியத்தை மாற்றக் கால இழப்பீடாக உயர்த்தி, முதலிரண்டு ஆண்டுகளில் கூடுதலாக வழங்க வேண்டும். இரண்டாவதாக, அதற்கான நிதியை உர மானியத்திலிருந்தே பெறலாம். உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் 50 விழுக்காட்டை அளிக்கும் 'பிஎம்-பிரணாம்' திட்டத்துக்கு 2023-இலேயே ஒப்புதல் தரப்பட்டுவிட்டது. அந்தத் தொகையின் பெரும்பகுதி மாறும் உழவரின் கணக்குக்குச் செல்லட்டும். மூன்றாவதாக, சத்துணவுக் கூடங்களும் அரசு விடுதிகளும் மாற்றக் கால விளைபொருளை நியாயமான விலைக்கு வாங்க வேண்டும். அங்கக உணவு வசதி படைத்தோரின் உணவாக மட்டும் சுருங்காமல் இருக்கவும் அதுவே வழி.

விதைக்கும் முன்னரே விலைக்கு உறுதி கிடைத்தால், ஓர் ஏக்கரையாவது மாற்றிப் பார்க்க உழவர் முன்வருவார். மானியத்தின் பயனை அந்த ஏக்கரில்தான் அளவிட வேண்டும்.