வெள்ளையடிச்சா ஓதம் போயிடுமா?

ராயக்கோட்டையில வீட்டை விக்கப்போறீங்களா? ஓசூர் சிப்காட்டுல வேலை பாக்கறவங்க வந்து பார்ப்பாங்க, "பட்டி பார்த்து பெயின்ட் அடிங்க, விலை ஏறும்"னு புரோக்கர் சொல்லுவார்.

ஒட்டடை அடிங்க, ஒழுகற குழாயை மாத்துங்க, யார் வேணாங்கறா? ஆனா ஓதம் ஏறின சுவர் மேல பட்டி பூசறது அலங்காரம் இல்லீங்க, ஏமாத்து வேலை. உள்ள ஈரம் இருக்கறவரை உப்பு பூத்து பெயின்ட்டை உரிச்சுத் தள்ளிடும். அதுக்குள்ள வாங்கினவர் தலையில பேங்க் கடன்!

"பார்த்துதானே வாங்கறாங்க"ன்னு ஒரு நியாயம் வேற. 1882-ம் வருஷ சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவைப் படிங்க. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா, சாதாரணமா பார்த்தா தெரியாத பெரிய குறையை, தெரிஞ்ச விக்கறவர்தான் சொல்லணும்.

பெயின்ட் காசுல மொட்டைமாடி ஒழுகலை அடைங்க. முடியலையா, குறையைச் சொல்லி விலையைக் குறைங்க.

வாங்கப்போற மக்களே, புது பெயின்ட் வாசனை அடிச்சா மழை பெஞ்ச மறுநாள் இன்னொரு தடவை போய்ப் பாருங்க :-)