"படத்துல ஒண்ணுமில்லம்மா"

கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. ஒரு காலை மட்டும் அசைக்க மாட்டேன் என்கிறது. எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். "படத்துல ஒண்ணுமில்லம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றதும் வீட்டுக்கே உயிர் வருகிறது. எக்ஸ்-ரே பொய் சொல்லாது என்பது நம் ஜனங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை விஷயத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

சுண்ணாம்புச் சத்து ஏறிய எலும்புதான் படத்தில் பளிச்சென்று விழும். சிசுவின் மூட்டு முனைகளோ பெரும்பாலும் குருத்தெலும்பு. தொடை எலும்பின் தலையே 4 முதல் 6 மாதம் வாக்கில்தான் படத்தில் முகம் காட்டும். அதற்கு முன் அங்கே ஏதாவது கழன்றிருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? விலா எலும்பு இன்னும் மோசம். முறிந்த அன்று எடுத்த படத்தில் பல நேரம் ஒரு கீறல்கூடத் தெரியாது. 10, 14 நாள் கழித்து, முறிந்த இடத்தில் புது எலும்பு திரண்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் அந்த இரண்டாவது படம் எடுக்கவேண்டிய நாளில் பல குழந்தைகள், எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போடும் புத்தூரில் இருக்கும். அழுகை நிற்காவிட்டால் பாட்டிமார் சொல்லும் முதல் ஊர் அதுதானே! திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் எலும்பு மருத்துவமனை திருப்பதியிலேயே இருந்தும் இதுதான் நிலை. புத்தூர்க் கட்டால் கை கூடிய பெரியவர்கள் எத்தனையோ பேர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டு இறுகினால் "மரத்துப்போச்சு" என்று பெரியவர் சொல்வார். மூன்று மாதக் குழந்தை எதைச் சொல்லும்? விரல் நீலம் பாரிக்கிறதா, வீங்குகிறதா என்று நாம்தான் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும்.

கட்டோடு சேர்ந்து இன்னொன்றும் மூடப்படுகிறது: எப்படி அடிபட்டது என்ற கேள்வி. நியூயார்க்கில் ஜான் காஃபி என்ற கதிரியக்க மருத்துவர் 1946இல் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். தலைக்குள் ரத்தக்கட்டு, அந்த ஆறு பேரின் கைகால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். இவற்றுக்குக் காரணமாக விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ வீட்டார் எதையும் சொல்லவில்லை. இவை பிறர் செய்த காயங்கள் என்பதை 1962இல் ஹென்றி கெம்பும் அவரோடு இருந்தவர்களும் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகமே வாய் திறந்து பேசியது. தவழக்கூடத் தெரியாத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், "புரண்டு விழுந்துட்டான்" என்ற பதிலோடு விட்டுவிட முடியாது.

உடனே தாயைக் கூண்டில் ஏற்றுவதும் மூடத்தனமே. ரிக்கெட்ஸ் இருக்கலாம், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் இருக்கலாம். அதையும் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

மறுபடி படம் எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதே என்பார்கள். அழுகிற எல்லாக் குழந்தைக்கும் எடுக்கச் சொல்லவில்லை; காலையோ கையையோ அசைக்காத குழந்தைக்கும், அடிபட்ட கதை பொருந்தாத குழந்தைக்கும்தான். "ஒண்ணுமில்ல" என்று எழுதும் சீட்டிலேயே மறுபடி வரவேண்டிய தேதியையும் எழுதிக் கொடுக்க ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.