பல் கட்டும் தொழில்: நம் பிள்ளைகள் எந்த வாசலில் நுழைவது?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் பேருந்து நிலையச் சுவர்களும் ஆட்டோக்களின் முதுகும் பாராமெடிக்கல் விளம்பரங்களால் நிறைந்துவிடுகின்றன. ஒரே வருடத்தில் படிப்பு, முடித்ததும் வேலை என்று ஆசை காட்டும் அந்தப் பட்டியலில் லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே ஆகியவற்றோடு டென்டல் டெக்னீஷியன் படிப்பும் இடம்பெறுகிறது. நீட் தேர்வில் தேறாத பிள்ளையை வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே சேர்ப்பது என்று கேட்க ஆளில்லாமல் நிற்கும் காலனிக் குடும்பங்களைத்தான் இந்த விளம்பரங்கள் முதலில் சென்றடைகின்றன. தாலியை அடகு வைத்துச் சேர்ப்பதற்கு முன்னால் இந்தத் தொழில் என்ன, அதற்கான சரியான வாசல் எது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் கேப், பிரிட்ஜ், பல் செட் என்று சொல்கிறோமே, அவற்றைச் செய்பவர் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர் பல்லைச் சீவி, வாயில் அளவு எடுத்து லேபுக்கு அனுப்புகிறார். அங்கே டென்டல் மெக்கானிக் அந்த அளவில் கல்மாவை ஊற்றி வாயின் அச்சை எடுக்கிறார். கேப் என்றால் அந்த அச்சின் மேல் மெழுகால் பல்லைச் செதுக்குகிறார். அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் மாவை ஊற்றி, உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். அதன்மேல் பீங்கான் பூசி, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒப்பச் சுட்டெடுக்கிறார். விழுந்த பல்லின் இரு பக்கமும் உள்ள பற்களுக்குக் கேப் செய்து, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிட்டால் அது பிரிட்ஜ். முழு பல் செட் என்றால் மேலே 14, கீழே 14 என 28 பற்களை மெழுகில் அடுக்கி, கடிக்கும்போது மேலும் கீழும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகு மெழுகு இருந்த இடத்தில் அக்ரிலிக்கை நிரப்பி, வெந்நீரில் மணிக்கணக்கில் வேகவைத்துக் கெட்டியாக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஈறு புண்ணாகிவிடும். பல் செட் டப்பாவிலேயே கிடக்கும்.

மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்க்கும் இந்த முறைதான் சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கும் பயன்படுகிறது. அங்கே அந்த வேலை ஸ்தபதி குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. இங்கே யார் வேண்டுமானாலும் படித்துக் கற்கலாம். இந்த வேறுபாடு நமக்கு மிக முக்கியமானது.

தமிழ்நாட்டில் கைத்தொழில் என்றாலே சாதி கூடவே வரும். 1953-ல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்ததும், 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டதும் அதனால்தான். 2023-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் குலத்தொழிலை வலுப்படுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு மறுத்தது. அதற்கு மாற்றாகக் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயது கடந்தவர்களுக்கென 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த விவாதம் சரியானதே. ஆனால் குலத்தொழில் வேண்டாம் என்று சொல்லும்போது, 17 வயதில் வீட்டில் நிற்கும் பிள்ளைக்கு எந்தத் தொழிலைக் காட்டுகிறோம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். நம் சாதிக்குக் கையால் செய்யும் வேலை என்று ஒதுக்கப்பட்டவை பறையும் செருப்பும் சாக்கடையும்தான். உலையும் வார்ப்பும் நுண்செதுக்கும் நமக்கு விலக்கப்பட்டிருந்தன. பல் கட்டும் தொழில், பிறப்பைக் கேட்காமல் கையின் திறமையை மட்டும் கேட்கும் சில தொழில்களில் ஒன்று.

அப்படியானால் இதற்குச் சரியான வாசல் எது? 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே டென்டல் மெக்கானிக் என்ற பணியை வரையறுத்து, அவர்களுக்கென மாநிலப் பதிவேடு ஒன்றையும் வைத்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. டென்டல் மெக்கானிக் பயிற்சி என்பது அறிவியல் பாடங்களுடன் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு. இதற்கு நீட் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தவருக்குத்தான் பதிவு கிடைக்கும். சுவரில் ஒட்டிய விளம்பரம் சொல்லும் ஒரு வருடச் சான்றிதழை இந்தப் பதிவேடு ஏற்காது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கு மட்டுமே உண்டு. ஆகவே போலிப் படிப்பில் சேரும் பிள்ளை, அரசு கட்டியிருக்கக்கூடிய கட்டணத்தைத் தன் வீட்டுக் கடனில் கட்டுகிறது. முடித்த பிறகு லேபில் எடுபிடி வேலைதான் கிடைக்கிறது: அச்சு ஊற்றுவது, தேய்ப்பது, பார்சல் கொண்டுபோவது. பக்கத்து மேஜையில் செதுக்குகிறவரின் சம்பளம் வேறு, இவருடைய சம்பளம் வேறு. படித்த பின்னும் ஏவல் வேலைதான் என்றால், பழைய அடுக்கு புதிய கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சரியான வாசலும் அகலமாக இல்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இன்று அரசுக் கல்லூரிகள் உள்ளன. இவை எல்லாவற்றிலும் டென்டல் மெக்கானிக் படிப்பு போதிய இடங்களோடு நடக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்பது சட்டம். ஆனால் ஒரு வகுப்பில் 20 இடங்களே இருந்தால் 18 விழுக்காடு என்பது மூன்று அல்லது நான்கு பிள்ளைகள்தான். மொத்த இடங்கள் கூடாமல் இடஒதுக்கீடு மட்டும் நம்மைக் கரை சேர்க்காது.

சேர்ந்த பிறகும் ஒரு தடை உண்டு. இது கை பழகும் படிப்பு. ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மெழுகில் சரியாகக் கொண்டுவர அதைத் திரும்பத் திரும்பச் செதுக்க வேண்டும். மெழுகு, செதுக்கும் கத்தி, கல்மாவு, செயற்கைப் பல் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வாங்க வசதியுள்ள பிள்ளை ஐம்பது முறை செதுக்குகிறது. இல்லாத பிள்ளை ஐந்து முறையோடு நிறுத்திக்கொள்கிறது. தேர்வில் இருவரும் தேறலாம், லேபில் யாருக்கு வேலை என்பதைக் கைதான் சொல்லும். எனவே பயிற்சிப் பொருள்களைக் கல்லூரியே தர வேண்டும். இப்போது சிர்கோனியா பற்களைக் கணினியில் வரைந்து, இயந்திரத்தில் கடைந்து, ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். அந்த இயந்திரத்தைத் தொடாமல் கல்மாவோடு மட்டும் படிப்பை முடிக்கும் மாணவர், வெளியே வரும்போதே பத்தாண்டு பின்தங்கியிருப்பார்.

உடல்நலத்தையும் பேசியாக வேண்டும். வார்ப்பு மாவில் சிலிக்கா இருக்கிறது. உலோகத்தைத் தேய்க்கும்போது நிக்கல், கோபால்ட் தூசி பறக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய் வருவது மருத்துவ உலகம் அறிந்தது. அக்ரிலிக் திரவம் கைத்தோலைப் புண்ணாக்கும். தூசியை உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இல்லாத லேபில் வேலைக்குச் சேரக் கூடாது என்பதும் பாடத்தில் ஒரு பகுதியாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய லேப்களை இ.எஸ்.ஐ. கட்டாயப்படுத்துவதில்லை. சாக்கடையில் மூச்சுத் திணறிச் செத்த சமூகம் நாம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இன்னொரு தூசியில் மெல்லச் சாகத் தேவையில்லை.

முறையாகப் படித்துச் சில ஆண்டுகள் வேலை பழகியவர்கள் சொந்த லேப் வைக்கவும் வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும், கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: லேப் நடத்துபவர் நேரடியாக நோயாளியின் வாயில் அளவு எடுப்பதோ பல் மாட்டுவதோ சட்டப்படி குற்றம். அது பல் மருத்துவரின் வேலை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புகையிலையும் வெற்றிலையும் போட்டு நாற்று நட்ட நம் ஆயாக்கள், ஐம்பது வயதிலேயே பொக்கை வாயோடு கஞ்சியைக் கரைத்துக் குடிக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் வலிக்கும் பல்லைப் பிடுங்கிவிடலாம். மாற்றுப் பல் வேண்டுமென்றால் செய்து தர லேபும் ஆளும் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு பல் லேப், அதில் பதிவுபெற்ற மெக்கானிக்குகள் என்று அரசு பணியிடம் உருவாக்கினால், நம் பிள்ளைக்கு வேலையும் நம் ஆயாவுக்குச் சோறு மெல்லும் பல்லும் ஒருசேரக் கிடைக்கும்.

அரசிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். மாணவர்கள் இன்று செய்ய வேண்டியது இதுதான்: பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் விசாரித்துச் சரிபாருங்கள். உதவித்தொகை உண்டா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். இதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்டதற்குக் கோபப்படும் கல்லூரி என்றால், அங்கே சேராமல் திரும்பிவிடுங்கள்.