பழுதும் பற்றும்

2020ஆம் ஆண்டிலே விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தளர்ந்தது. அதன்பின் ஒரு மாதஞ் சென்றிருக்கும். தெமோதரையிலே என் வீட்டு வாசலில் ஒரு தரகர் வந்து நின்றார். நல்ல மனிதர், வெற்றிலை போட்ட வாய். வாசலில் நின்ற என் மொறிஸ் மைனரை ஒருமுறை வலம் வந்தார். குனிந்து அதன் வயிற்றையும் நோக்கினார். பின்பு, "மாஸ்டர், இனிப் புதுக் காரெல்லாம் வந்திருங்க. இப்பவே குடுத்துட்டா நல்ல வெல கெடைக்கும். கொழும்புல கல்யாணத்துக்கு வாடகைக்கு விட இந்த மாதிரிக் காரத்தான் தேடுறாங்க" என்றார். யான் மறுத்தேன். "ஓடாத கார வச்சுக்கிட்டு என்னங்க செய்யப் போறீங்க?" என்றார். "ஓடுகிறதே" என்றேன். அன்று காலை அது ஓடவில்லை என்பதை அவர் அறியார்.

அவருடைய வினாவுக்கு அன்று யான் நேரிய விடை கூறவில்லை. இங்கே கூற முயல்கிறேன். இலக்கியப் பகுதியிலே மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று புலவர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும். சொல்லைப் பற்றிய செய்தியும் இதிலே உண்டு.

என் வண்டி 1955ஆம் ஆண்டினது. எண்பலகையிலே ஸ்ரீ எழுத்து ஏறுவதற்கு முன் இந்நாட்டுக்கு வந்தது. எஞ்சின் 803 கன சென்ரிமீற்றர், முப்பது குதிரைவலு. முன்கண்ணாடி இரு துண்டாய் நடுவிலே கம்பி பெற்றது. திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீண்டு ஒளிரும். நீண்ட கை மீண்டும் மடங்குவது அதன் விருப்பத்தைப் பொறுத்தது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து 2003இலே வாங்கினேன். நிறம் கறுப்பு. கார் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே கருமை, மேகம், மழைக்காலம் என்று பொருள் விரிவதை மாணவர் அறிவர். என் கார் இம்மூன்றுக்கும் உரியது. கருநிறத்தது, புகையை மேகமாக விடுவது, வடகீழ்ப் பருவமழை ஊவாவில் இறங்கினால் டிஸ்றிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்து நின்றுவிடுவது. கார்காலத்திலே கார் ஓடாது. வகுப்பிலே இதைக் கூறினால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். வீட்டிலே கூறினால் எவருஞ் சிரிப்பதில்லை.

இவ்வண்டியின் பிறப்பு வரலாறு சுவையானது. சிமிர்ணா நகரிலே 1906இற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பார் இதனை வரைந்தார். 1948ஆம் ஆண்டு ஒக்டோபரிலே இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் காட்சியில் இது அரங்கேறியது. அதற்குச் சிறிது முன்னர் அவருக்கு ஓர் ஐயம் எழுந்ததாம். வண்டி ஒடுங்கியிருக்கின்றதோ? உடனே மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுக்கச் செய்தார். பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் அழகு கைகூடும் என்று கண்டார். எஞ்சின் மூடியின் நடுவிலே நெடுக ஓடும் தட்டைப் பட்டை அந்நான்கு அங்குலத்தின் அடையாளம். முதல் வண்டிகளின் முன்தடுப்புச் சட்டத்தையும் அறுத்து நடுவிலே துண்டு வைத்துப் பொருத்தினர். ஒட்டுப்போட்டே பிறந்த வண்டி என்க! கம்பனித் தலைவர் நபீல்ட் பிரபு இதனைக் கண்டு, கொதிநீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று இகழ்ந்தார் என்பர். அவர் தாமும் ஒக்ஸ்போர்ட்டிலே பதின்ம வயதிற் சைக்கிள் பழுதுபார்த்துத் தொழில் தொடங்கியவரே. அந்த முட்டை 1960ஆம் ஆண்டின் இறுதியிலே பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தொட்டது. பிரித்தானியக் கார்களுள் அதனை முதலில் எட்டியது இதுவே. 1971 வரையிலே பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன.

இலங்கையிலே இதற்கு நேர்ந்த வாழ்வு வேறு. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இலே பொருளாதாரம் திறக்கப்படும் வரையில், இருந்த வண்டியைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியில்லை. உதிரிப்பாகம் வாராத நாட்டிலே கடைசற்பட்டறைகள் பாகங்களைக் கடைந்தன. தகர வேலைக்காரர் சுத்தியலாலே கதவின் அடியைத் தட்டி எடுத்தனர். இல்லாமை கற்பித்த கல்வி அது. அக்கல்வி கடல் கடந்தும் சென்றது. இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பார், புதிதாக வாங்குவதினும் உள்ளதைச் செப்பனிட்டு நெடுங்காலம் ஆளுதலே சிக்கனம் என்று நூலெழுதி வாதிட்டவர். அவர் 1991இலே தனபால சமரசேகர என்னும் இலங்கையரோடு கூடி இங்கே ஒரு தொழிற்சாலை நிறுவினார். இங்கிலாந்திலே துருப்பிடித்த மைனர்களுக்கு வேண்டிய தகடுகளும் பாகங்களும் நம்மவர் கையாற் செய்யப்பட்டு அங்கே சென்றன. வண்டியை நமக்கு விற்ற நாடு அதன் உறுப்புகளை நம்மிடம் வாங்கியது. நம் பாடநூல்களிலே இச்செய்தியை யான் கண்டிலேன்.

இனி என் வண்டியின் குணங்கள். கும்பல்வெலச் சந்தியிலிருந்து தெமோதரைக்கு இறங்கும் பாதையிலே இதனை ஓட்டுதல் ஒரு பேரின்பம். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் கைக்குச் சொல் தவறாது. கியரில் விட்டு இறங்கினால், குழந்தை உதட்டைத் துடிக்கவிட்டு ஊதுவது போலப் புகைக்குழாய் ஒலிக்கும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள் அவ்வொலி கேட்டே, "மாஸ்டர் காரு வருது" என்பர். ஏறும்போது நிலைமை வேறு. இரண்டாம் கியரிலே அது மூச்சுவாங்கும். பின்னே வரும் லொறிக்காரர் என் குலங்கோத்திரத்தை விசாரிப்பர். சாவியைத் திருப்பினால் பெற்றோற் பம்பு டிக் டிக் என்று துடிக்கவேண்டும். துடிக்காவிடின், இறங்கி, மூடியைத் திறந்து, அதன் தலையில் மெல்லத் தட்டவேண்டும். உள்ளிருக்கும் தொடுமுனை கறுத்திருப்பதே காரணம். எழுபது வயதினைச் செய்தோர் மேற் குறை கூறுதல் முறையன்று. முன்பெல்லாம் தட்டுவதற்கு யான் கொண்டுசென்றது ஒரு பழைய இலக்கண நூல். அட்டை கிழிந்தபின் செருப்பாலே தட்டுகிறேன்.

என் மனையாள் கணக்கிலே கெட்டிக்காரி. "இதுக்குச் செலவழிச்ச காசுல ரெண்டு கறவ மாடு வாங்கியிருக்கலாங்க. பாலாவது கெடச்சிருக்கும்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கூறுவாள். மறுமொழி என்னிடம் இல்லை.

ஒருமுறை பெரும்பழுது நேர்ந்தது. முன்சில்லு திரும்பும் இடத்திலே திருகுமரையுள்ள ஒரு கட்டை உண்டு. அதற்குக் காலந்தவறாது கிறீஸ் அடித்தல் வேண்டும். அடியாவிடின் மரை தேயும். ஒருநாள் சில்லு காலை மடக்கி உட்கார்ந்துவிடும். மூன்றாம் தவணைப் பரீட்சைத் தாள்களிலே மூழ்கி யான் அதனை மறந்தேன். தெமோதரைப் புகையிரத நிலையத்துக்குத் திரும்பும் இடத்திலே, நடைவேகத்திற் செல்லும்போது, வண்டி நமஸ்காரம் செய்வது போல் ஒருபக்கம் சாய்ந்தது. எவருக்கும் ஊறில்லை. பழுதுபார்க்க வந்த பாஸ் கட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எப்ப மாஸ்டர் கிறீஸ் அடிச்சீங்க?" என்றார். "போன மாதம், பாஸ்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "காரு பொய் சொல்லாதுங்க மாஸ்டர்" என்றார்.

அந்த வாக்கியமே தரகருக்கு யான் கூறியிருக்க வேண்டிய விடை. நம்பத்தகாத வண்டி என்று இதனை ஊரார் கூறுகின்றனர். நின்றுபோவது உண்மை; ஆயினும் நிற்குமுன் சொல்லிவிட்டு நிற்கின்றது. டிக் ஒலி மெலியும். எஞ்சின் ஓர் அடி விடும். கிறீஸ் இல்லாத மூட்டு கிறீச்சிடும். செவியுடையார் கேட்கலாம். கேட்டபின் கையாலே தொட்டுத் திருத்தலாம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் வறட்சியிலே, கியூஆர் குறியீடும் எண்பலகையின் இறுதி இலக்கமும் பார்த்து, கார் ஒன்றுக்கு வாரம் இருபது லீற்றர் அளந்தகாலத்தில், வரிசையிலே இருநாள் கிடந்தோம். என் முன்னே நின்ற புதுக் கார் ஒன்றின் பற்றரி இறங்கிவிட்டது. அதன் கதவும் திறக்கவில்லை. உரியவர் வெளியே நின்று சாவியை வான்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். என் பற்றரியும் இறங்கியிருந்தது. யான் முன்னே ஹாண்டிலைச் செருகி இருமுறை சுற்றினேன். வரிசையிலே கைதட்டல் எழுந்தது. இருபத்தைந்தாண்டு மேடைப் பேச்சிலே எனக்கு அத்தகைய கைதட்டல் கிடைத்ததில்லை.

இதனாற் புதுமையைப் பழிப்பதாகக் கருதற்க. காற்றுப்பையும் ஆசனப் பட்டியும் உள்ள வண்டியிலே என் மகள் பதுளைக்கு வேலைக்குச் செல்வது எனக்கு நிம்மதி. மழையிரவிலே அவள் என் மைனரை ஓட்டுவதை யான் ஒப்பேன். எல்லோரும் பழைய வண்டி வாங்குக என்பதும் என் கட்சியன்று. என் கவலை வேறொன்று.

மேலே கூறிய பாஸ் எழுபதைக் கடந்தவர். லயத்திலே பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கராஜிலே சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்து, கையாலும் காதாலும் கற்றவர். பாஸ் என்பதே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அந்நாட்டு மொழியிலே தலைவன் என்பது பொருள். அவரிடம் தொழில் பழகிய இளைஞர் இருவரும் மத்திய கிழக்குக்குப் போய்விட்டனர். அவர் அறிவு ஓரேட்டிலும் இல்லை. ஒருகால், யான் பண்டிதச் செருக்கினாலே அவருக்கு உதவப் புகுந்து, காரின் உறுப்புகளுக்கெல்லாம் தூய தமிழ்ப்பெயர் சூட்டி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பிளக்குக்கு யான் வைத்த பெயர் தீப்பொறியூட்டி. அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "பேரு நல்லாருக்குங்க மாஸ்டர். ஆனா இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எஞ்சின் ஆறிப்போயிருமே" என்றார். பட்டியலைக் கிழித்தெறிந்தேன். அதன்பின்னரே அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டேன். எஞ்சின் அடி விட்டால் "மிஸ் அடிக்குது". பெற்றோல் குழாயிலே ஆவியாகி அடைத்தால் "மூச்சு முட்டுது"; அதற்கு நனைத்த துணி மருந்து. மரை தேய்ந்தால் "பல்லு போச்சு". வண்டி முழுவதும் அவருக்கு ஓர் உடம்பு. கலைச்சொல்லாக்கக் குழுவிலே அமர்ந்து யாம் தேடுவது இத்தகைய தமிழை அன்றோ?

தெமோதரையிலே வாழ்வோர்க்கு ஒரு கதை தெரியும். புகையிரதப் பாதை இங்கே மலையைச் சுற்றிவந்து, தான் விட்டுப்போன நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடு நுழைந்து பதுளை நோக்கிச் செல்கின்றது. அச்சரிவிலே பாதையை இறக்கும் வகையறியாது பொறியியலாளர் திகைத்து நின்றாராம். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டு வழி தோன்றிற்றாம். மெய்யோ புனைவோ, கதை நிலைத்துவிட்டது. 1924இலே பாதை பதுளையை அடைந்தது. கதை சொல்வோர் பொறியியலாளர் பெயரைக் கூறுவதுண்டு. கங்காணியின் பெயரை எவரேனும் கூற யான் கேட்டதில்லை.

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலே ஒரு பாஸ் இருப்பார். தச்சராகவோ, தேயிலைத் தொழிற்சாலையிலே உருளை இயந்திரம் பார்ப்பவராகவோ இருக்கலாம். கொப்பியோடு அவரிடம் செல்க. அவர் சொல்லை அவர் சொல்லும்படியே எழுதுக, திருத்தற்க. 2013இலே உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கியபின், தமிழிலே செய்முறைக் குறிப்புக்கு ஏங்கும் மாணவர் பலர். அவர்க்கும் இது பயன்படும். இன்னொன்றும் செய்யலாம். அனுபவத்தாற் பெற்ற திறனைச் சோதித்துத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலே உண்டு. முதியவர் பலர் அதனை நாடாமைக்குக் காரணம் படிவத்தின் மேலுள்ள அச்சமே. படிவம் நிரப்புதல் ஆசிரியர்க்கு அரிய வேலையன்று. எங்கள் பாஸுக்கு யான் அதனைச் சொன்னபோது, "எழுபது வயசுல பரீட்சையா மாஸ்டர்?" என்று சிரித்தார். எனினும் அடையாள அட்டைப் பிரதியை மறுநாளே கொண்டுவந்து தந்தார்.

வரும் சனிக்கிழமை அவர் மைனரின் முன்சில்லு இரண்டையும் கழற்றுகிறார். பதினோராம் வகுப்பு மாணவர் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். ஒருத்திக்குக் கையெழுத்து அழகு, மற்றவனுக்குத் திருகாணி திருப்பும் ஆசை. கொப்பியிலே பதினெட்டுப் பக்கம் எழுதியாயிற்று. பம்பு நேற்று மாலையிலிருந்து துடிக்கவில்லை. அதனையும் அன்றே பார்ப்பதாகச் சொன்னார்.