நமக்கு ஓட்டு இரண்டு, அரசாங்கமோ மூன்று!



இந்த நாட்டில் மூன்று அடுக்கு அரசாங்கம் நடக்கிறது. மத்தியில் ஒன்று, மாநிலத்தில் ஒன்று, ஊரில் ஒன்று. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம், சட்டமன்றத்துக்கும் போடுகிறோம். ஆனால் உங்கள் தாமான் சாக்கடையைப் பார்ப்பதும், அங்காடிக் கடைக்கு லைசன்ஸ் கொடுப்பதும், கோயில் கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பதும் ஊராட்சி மன்றம்தான். அதற்கு நமக்கு ஓட்டே இல்லை! மதிப்பீட்டு வரி மட்டும் தவறாமல் கட்ட வேண்டும்.

கோல குபு பாருவை எடுத்துக்கொள்வோம். உலு சிலாங்கூரில் உள்ள சின்ன ஊர். 2024 மே 11-ஆம் தேதி அங்கே சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. பதிவான வாக்காளர்கள் 40,226 பேர். அதில் இந்தியர்கள் சுமார் 18 விழுக்காடு என்று பத்திரிகைகள் எழுதின. அதாவது ஏறக்குறைய 7,200 ஓட்டு. வெற்றி பெற்றவரின் பெரும்பான்மையோ 3,869 ஓட்டுதான். கணக்கைப் பாருங்கள், நம் ஓட்டின் கனம் தெரியும்.

அதனால்தான் அந்தச் சில வாரங்களில் எல்லாக் கட்சிக்கும் நம் ஞாபகம் வந்தது. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்த வீட்டுப் பிரச்சினையும் அப்போதுதான் மேடை ஏறியது. "எங்களுக்கே போடுங்கள்" என்றது ஒரு பக்கம். "புறக்கணியுங்கள்" என்றது இன்னொரு பக்கம். கடைசியில் ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லா இனமும் சேர்த்து 61.5 விழுக்காட்டினர்தான்.

கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் சரியல்ல, கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பதும் சரியல்ல. ஓட்டுப் பெட்டி மூடிய மறுநாள் காலையில் உங்கள் சாக்கடைக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

1950-களில் இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பிறகு அதை ஆராய அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன்! தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே அந்தக் குழு பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இன்று 10-ஆவது பிரிவின்படி மாநில அரசு 8 முதல் 24 உறுப்பினர்களை நியமிக்கிறது. நடைமுறையில் ஆளும் கட்சிகள் அந்த இடங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு கொடுத்த கட்சிக்கு அவர் பதில் சொல்வாரா, வரி கட்டும் உங்களுக்குப் பதில் சொல்வாரா?

பினாங்கு மாநிலம் 2012-இல் தனியாகச் சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே பூட்டு நாடாளுமன்றத்தில் இருக்கிறது, சாவியும் அங்கேதான்.

"தேர்தல் வந்தால் இப்போது கிடைக்கும் ஒன்றிரண்டு நியமன இடமும் நமக்குப் போய்விடுமே" என்று நம்மில் சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்துத் தேர்தல் நடத்தினால் நிலைமை வேறு. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல ஊர்களில் ஒரு சில தாமான்களில்தான் கூடி வாழ்கின்றன. ஒரு பெரிய தொகுதியில் கரைந்துபோகும் நம் ஓட்டு, சின்ன வட்டாரத்தில் முடிவையே மாற்றும். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அதே சாக்கடைதானே? நல்ல வேட்பாளருக்கு அவர்களும் போடுவார்கள். வட்டார எல்லையை யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதில் மட்டும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? கூடாது. உங்கள் தாமானுக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று இந்த வாரமே மன்ற அலுவலகத்தில் கேளுங்கள். புகாரை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்கிறது அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு. மூடிய கூட்டம் என்று மன்றம் தீர்மானம் போட்டாலொழிய உங்களைத் தடுக்க முடியாது. நான்கு பேர் சேர்ந்து போய் உட்காருங்கள்.

18 வயதானால் தானாகவே வாக்காளர் பட்டியலில் பெயர் சேரும் முறை 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் ஓட்டு இருக்கிறது. அடுத்த முறை வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது அரிசிப் பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். "15-ஆவது பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி ஓட்டளிக்குமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.