‘எத்தனை பேர்?’ என்று கேட்பதா, ‘ஏன்?’ என்று கேட்பதா? கழிப்பறைக் கணக்கு சொல்லும் பாடம்

“டேட்டா இருக்கா?” அலுவலக மீட்டிங்கில் யார் எதைச் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி இதுதான். பத்து வாடிக்கையாளர்களிடம் தலா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து சொன்னால், “பத்து பேர்தானே?” என்று ஓரங்கட்டிவிடுவார்கள். அதுவே ஆயிரம் பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, கலர் கலராக ஒரு பை சார்ட் போட்டுக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டிலும் இதே கதைதான். தலைப்பு முடிவாகும் முன்பே “சாம்பிள் சைஸ் எவ்ளோ?” என்று கேட்டுவிடுகிறார்கள்.

எண்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், நம் கேள்வி என்ன என்று பார்க்காமலேயே, எண் என்றால் கெத்து என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: கழிப்பறை.

முதலில், இரண்டும் என்ன?

எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை சதவிகிதம், கூடியதா குறைந்ததா என்று எண்ணிப் பார்ப்பது அளவுசார் ஆய்வு. குவான்டிடேட்டிவ் என்று சொல்வார்களே, அதுதான். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே மாதிரியான விடைகள்.

ஏன், எப்படி, அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆழமாகக் கேட்டும் கூடவே இருந்து பார்த்தும் புரிந்துகொள்வது பண்புசார் ஆய்வு, அதாவது குவாலிடேட்டிவ். ஆட்கள் குறைவு, பேச்சு அதிகம். அடுத்த கேள்வி என்ன என்பதை எதிரில் இருப்பவரின் பதில்தான் முடிவு செய்யும்.

கழிப்பறை இருக்கு, ஆனா...

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புற வீடுகளில் சுமார் 69 சதவிகிதத்தில் கழிப்பறை இல்லை. இந்த எண்ணைப் பார்க்கும் யாருக்கும் உடனே ஒரு தீர்வு தோன்றும். இல்லாததால்தானே வெளியே போகிறார்கள்? கட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது!

2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்து ஆண்டுகளில் கிராமங்களில் 10 கோடிக்கும் அதிகமான கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது.

ஆனால், திட்டம் தொடங்கும் முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. ‘ரைஸ்’ என்ற ஆய்வு நிறுவனம் பிகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியாணா கிராமங்களில் 3,200-க்கும் மேற்பட்ட வீடுகளில் ‘ஸ்குவாட்’ என்ற சர்வே நடத்தியது. பயன்படுத்தும் நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே, 40 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது திறந்தவெளிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கவனியுங்கள், இதுவும் எண்தான். ‘கட்டினால் போதும்’ என்ற நம்பிக்கையை உடைத்ததும் ஒரு சர்வேதான். ஆனால், ‘வீட்டிலேயே இருக்கும்போது ஏன் வெளியே போகிறார்கள்?’ என்ற கேள்விக்கு அந்த 40-க்குள் பதில் இல்லை.

படிவத்தில் இல்லாத பதில்

அந்தக் கேள்விக்கு நாமே ஒரு ஃபார்ம் தயாரித்தால் என்ன ஆப்ஷன் கொடுப்போம்? தண்ணீர் இல்லை, இடம் இல்லை, பணம் இல்லை, விழிப்புணர்வு இல்லை. ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் இந்த நான்கில் ஒன்றுதான் திரும்பி வரும். நாம் யோசிக்காத காரணம் வருவதற்கு அதில் கதவே இல்லை.

அதே ஆய்வுக் குழுவினர் கிராமத்து மக்களிடம் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அப்போது வெளியே வந்த விஷயம், குழி. ‘அரசு கட்டித்தரும் சின்னக் குழி சீக்கிரம் நிரம்பிவிடும், அப்புறம் யார் அள்ளுவது?’ என்ற பயம்.

இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பினால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூடிவைத்த குழியில் இருப்பது நாளடைவில் மக்கி உரமாகிவிடும். தொழில்நுட்பத்தில் குறையில்லை. ஆனால், எந்த நிலையில் இருந்தாலும் அதை அள்ளுவது ‘அவர்கள்’ வேலை என்று சாதி சொல்லி வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்குள் தள்ளப்பட்ட தலித் மக்களோ இழிவை உதறி வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். அது அவர்களின் உரிமை. ஆக, தொட மனமில்லாதவர்கள் குழி நிரம்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எப்படி? கழிப்பறையைப் பயன்படுத்தாமல்.

சிமென்ட் பிரச்னை என்று நினைத்தது சாதிப் பிரச்னையாகவும் இருந்தது. இதை எந்தப் பை சார்ட்டும் தானாகக் காட்டியிருக்காது.

2018-ல் அந்த ஐந்தில் ஹரியாணா தவிர்த்த நான்கு மாநிலங்களுக்கும் குழுவினர் மீண்டும் போனார்கள். திறந்தவெளியைப் பயன்படுத்துவோர் சுமார் 70 சதவிகிதத்திலிருந்து 44 ஆகக் குறைந்திருந்தனர். பெரிய மாற்றம்தான். ஆனால், கழிப்பறை வைத்திருந்தும் வெளியே போகிறவர்களின் விகிதம் 2014-ல் இருந்த அதே சுமார் 23 சதவிகிதத்திலேயே நின்றது. கட்டடம் கூடியது, மனசு அப்படியே இருந்தது.

கேள்வி மாறினால் எண்ணும் மாறும்

‘எண் பொய் சொல்லாது’ என்பார்கள். 2018-ல் ரைஸ் குழுவினர் இன்னொரு சோதனையும் செய்தார்கள். சில வீடுகளில், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வி. மற்ற வீடுகளில், ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக, கழிப்பறையா வெளியேயா என்று கூச்சம் தராத விதத்தில் கேள்வி. இரண்டாவது வகையில் திறந்தவெளிப் பழக்கம் சுமார் 20 சதவிகிதப் புள்ளிகள் அதிகமாகத் தெரியவந்தது.

அதே ஊர்கள், அதே காலம். மாறியது கேள்வி மட்டும்தான். ஒரே வீட்டில் மருமகள் உள்ளேயும் மாமனார் வெளியேயும் போவார்கள் என்பது தெரிந்தால்தான் கேள்வியை அப்படிப் பிரிக்கத் தோன்றும். நல்ல எண்ணுக்கு முன்னால் நல்ல பேச்சு வேண்டியிருக்கிறது.

அப்போ பேச்சு மட்டும் போதுமா?

போதாது. நான்கு பேரிடம் மைக்கை நீட்டிவிட்டு ‘இன்றைய இளைஞர்கள் இப்படித்தான்’ என்று தீர்ப்பு எழுதுவது எங்கள் மீடியா உலகில் தினமும் நடக்கிறது. குழியைப் பற்றிய பயம் இருக்கிறது என்பதைப் பேச்சு காட்டும். அந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருக்கிறது, எந்த மாவட்டத்தில் அதிகம், பிரசாரத்துக்குப் பிறகு குறைந்ததா என்பதை எண்ணித்தான் சொல்ல முடியும்.

எனவே, ‘எது பெஸ்ட்?’ என்று மோதவிடுவதில் அர்த்தமில்லை. மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, உங்கள் கேள்வி எந்தச் சொல்லில் தொடங்குகிறது? ‘எத்தனை’ என்றால் எண்ணுங்கள். ‘ஏன்’ என்றால் பேசுங்கள்.

இரண்டு, வரக்கூடிய பதில்களை உங்களால் முன்கூட்டியே பட்டியல் போட முடியுமா? அந்தப் பட்டியலை யாரிடமும் பேசாமல் உங்கள் மேஜையிலேயே எழுதினீர்கள் என்றால், இன்னும் ஃபார்ம் அனுப்பும் நேரம் வரவில்லை.

மூன்று, முடிவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? பட்ஜெட்டைப் பிரிக்க எண் வேண்டும். பழக்கத்தை மாற்ற காரணம் வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டுமே தேவைப்படும். அப்போது வரிசை முக்கியம்: பேசுங்கள், எண்ணுங்கள், புரியாத எண் வந்தால் திரும்பவும் போய்ப் பேசுங்கள்.

இதற்கு நேரம் ஆகும், செலவும் கொஞ்சம் கூடும். ஆனால், ஆட்டைக் கட்டவும் விறகு அடுக்கவும் பயன்படும் கழிப்பறையை விடவா அது பெரிய செலவு?